நாத்தனாரின் பேச்சு

அத்தியாயம் 14

சென்ற வாரம் மீன்துறைக் கூட்டம் பாதியில் கலைந்ததோடு நிறுத்தியிருந்தோம். கலைத்தவள் அமோலோ. காது கேளாத, வாய் பேசாத அமோலோ, கூட்டத்தின் நடுவில் எழுந்து நின்று கைகளை வீசிக்கொண்டே இருந்தாள். முதலில் சிரித்தார்கள். பிறகு உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. கடைசியில் வார்டு அதிகாரி மில்ட்ரெட் மைக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"இவங்களுக்கு நாம பேசறது எதுவுமே போய்ச் சேரலை. அப்படின்னா ஊரைக் கேட்டோம்னு நான் எப்படி எழுதறது?" என்றாள். சைகைமொழி தெரிந்தவர் ஒருவரைக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தலைநகரிலிருந்து வரவழைத்து மறுபடி கூட்டுவதாகச் சொல்லி அனுப்பினாள்.

அந்த மறுகூட்டம்தான் இன்று.

ஓரோங்கா துறையின் மீன் சந்தையை ஏரிக்கரையிலிருந்து எடுத்து, மேட்டில் நெடுஞ்சாலை ஓரமாகக் கட்டக் கவுண்டி நிர்வாகம் திட்டம் போட்டிருந்தது. கூரை, குழாய்த் தண்ணீர், மீன் கெடாமல் வைக்கக் குளிர் அறை என்று எல்லாம் உண்டு. ஆனால் ஜனங்களைக் கேட்காமல் ஒரு கல்கூட வைக்க முடியாது. கென்யாவில் சட்டம் அப்படி.

அகெச்சின் வீட்டில் இந்த விஷயம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கணவன் ஒண்டிதி பிக்கப் வண்டியில் மீன் ஏற்றிப் போகிறவன். புதுச் சந்தை வரவிருக்கும் இடத்துக்கு எதிரிலேயே ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பேசி வைத்திருந்தான். அங்கே அகெச் சாப்பாட்டுக் கடை போடுவதாகத் திட்டம். உகாலிக் களி, கீரை, தக்காளிக் குழம்பில் ஊறிய மீன். எத்தனை மேசை, எந்தப் பக்கம் அடுப்பு என்பது வரைக்கும் அவள் மனசுக்குள் கட்டி முடித்தாயிற்று.

ஒண்டிதியின் தங்கை அமோலோ கரையில் மீன் பொரித்து விற்பவள். புருஷன் வீடு சரிப்படாமல் திரும்பி வந்து, அண்ணன் வளவில் தனியாக ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். கரைதான் அவள் பிழைப்பு.

காலையில் மழை விட்டதும் அகெச்சின் போன் அடித்தது. மில்ட்ரெட்.

"அகெச், பாலத்து மேல தண்ணி போகுது. சைகைக்காரர் பஸ்ஸோட அந்தப் பக்கமே நின்னுட்டார். இன்னிக்கு வர மாட்டார்."

"அப்ப கூட்டம்?"

"உங்களை விட்டா இந்த ஊர்ல அமோலோ பேச்சு முழுசாப் புரிஞ்சவங்க யாரும் இல்லை. நீங்க செய்வீங்களா? முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. அவங்க வேண்டாம்னா தள்ளி வெச்சிடறேன். எனக்கு மேலிடத்துல திட்டு விழும், பரவாயில்லை."

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த ஒண்டிதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லதாப் போச்சு," என்றான்.

"என்ன நல்லது, அவினோ அப்பா?" மூத்த மகள் அவினோவின் பெயரை வைத்துத்தான் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"அவ சொல்றதை அச்சுப் பிசகாமச் சொல்லணும்னு உனக்கென்ன வேண்டுதலா? நாலு வார்த்தைக்கு ரெண்டு வார்த்தை சொல்லு. காரத்தைக் குறை. யாருக்குத் தெரியப்போகுது?"

"அமோலோவுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்? அவளுக்குத்தான் காது கேக்காதே."

"ஜனங்க மூஞ்சியைப் பார்ப்பா. நான் சொன்னது அவ சொன்னதுதானான்னு அதுலயே கண்டுபிடிச்சிடுவா."

ஒண்டிதி கடைசிப் பொத்தானைப் போட்டான். "அடுப்பு வாங்கிட்டோம், அவினோ அம்மா. மறந்துடாதே," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவன் சொல்வதற்கு முன்பே அந்த யோசனை அகெச்சின் மனசிலும் எட்டிப் பார்த்திருந்தது.

கரையில் அமோலோ எண்ணெய்ச் சட்டியை இறக்கிவிட்டு, நல்ல உடுப்புக்கு மாறியிருந்தாள். தலையில் மஞ்சள் துணி. அகெச் வருவதைப் பார்த்ததுமே முகத்தைப் படித்துவிட்டாள்.

'அவர் வரலையா?' கைகள் கேட்டன.

'பாலம் மூழ்கிடுச்சு. உனக்காக நான் பேசட்டுமான்னு மேடம் கேக்கறாங்க.'

அமோலோ அண்ணியை நேராகப் பார்த்தாள். 'ரோட்டோரத்துல சந்தை வரணும்னு நீ ஆசைப்படறே.'

'ஆமா.'

'இன்னிக்கும்?'

'இன்னிக்கும்தான். வேண்டாம்னா தள்ளி வெக்கச் சொல்லு. உனக்கு அந்த உரிமை இருக்கு.'

அமோலோ ஏரியைப் பார்த்தாள். இரண்டு படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளி, ஈர மணலில் மீன் காயவைக்கிற வலையை விரிக்கலாமா வேண்டாமா என்று மீன்காரப் பெண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் எல்லோரும் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வருகிறார்கள். இன்னொரு முறை தள்ளிப்போனால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

'பொய் சொல்றவளா இருந்தா, ரோடு வேண்டாம்னு இப்பவே சொல்லியிருப்பே,' என்று காட்டினாள் அமோலோ. 'நீயே பேசு. என் பேச்சுல தண்ணி மட்டும் ஊத்தாதே.'

*

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். இந்த முறை கூட்டம் பொங்கி வழிந்தது. போன தடவை நடந்ததைக் கேள்விப்பட்டு, வேடிக்கை பார்க்கவே பக்கத்துத் துறைகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நாற்காலி தீர்ந்துபோய் ஆண்கள் சிலர் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரோங்காவில் அது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

மில்ட்ரெட் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "இங்க யார் எது பேசினாலும் அமோலோவுக்குக் கையால சொல்லப்படும். அதனால ஒவ்வொருத்தரா, நிதானமாப் பேசுங்க. குறுக்கே கத்தினா அது கணக்குல வராது."

"அவளுக்காக நாங்க எல்லாம் மெதுவாப் பேசணுமா?" என்று ஒரு குரல்.

"மெதுவாப் பேசினா எங்களுக்கும் புரியும்டா," என்றாள் மீன்காரி டோர்க்கஸ். சிரிப்பு எழுந்தது.

ரோட்டோரச் சந்தைக்காக முதலில் பேசியவன் ஒண்டிதி. நன்றாகவே பேசினான். வெளியூர் லாரி சேற்றில் இறங்க மாட்டேன் என்கிறது, மீன் கெடுகிறது, கெட்ட மீனைப் பாதி விலைக்குத் தள்ளுகிறோம் என்றான். ஒன்றும் பொய்யில்லை. அகெச் ஒரு வார்த்தை விடாமல் அமோலோவுக்குக் காட்டினாள். கணவன் பேச்சில் பலமான இடம் வரும்போது அவள் கையும் பலமாகவே விழுந்தது. அதைக் கவனித்த ஒண்டிதிக்கு முகம் மலர்ந்தது.

பிறகு அமோலோ எழுந்தாள். அகெச் அவளுக்குப் பக்கவாட்டில், அவள் கைகளும் கூட்டமும் தெரியும்படி நின்றுகொண்டாள்.

அமோலோவின் கைகள் நிதானமாக ஆரம்பித்தன. அகெச்சின் வாயில் அவை 'நான்' என்றே வெளிவந்தன.

"நான் அமோலோ. நீங்க எல்லாரும் என்கிட்ட மீன் வாங்கித் தின்னிருக்கீங்க. ஆனா என் பேச்சைக் கேக்கறது இன்னிக்குத்தான் முதல் தடவை."

பின்வரிசையில் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

"மேட்டுல சந்தை வந்தா, படகு கரைக்கு வர்றது உங்களுக்குப் போன்ல தெரிஞ்சிடும். நான் ஏரியைக் கண்ணால பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். அவ்வளவு தள்ளி மேட்டுல இருந்தா ஏரி தெரியாது. நான் இறங்கி வர்றதுக்குள்ள நல்ல மீன் போயிடும். எனக்குக் கழிச்ச மீன்தான். எனக்கு மட்டும்னு நினைக்காதீங்க. கையில குழந்தை வெச்சிருக்கறவ, கால் சரியில்லாதவ, ஒமெனாப் பொடிமீனைக் காய வெச்சிட்டு மழைக்குக் காவல் இருக்கறவ, அவ்வளவு பேருக்கும் இதே கதிதான். மேட்டுல காய வெக்க மணல் கிடையாது."

பெண்கள் பக்கமிருந்து "ஆமா, ஆமா" என்று முனகல் கேட்டது. அமோலோ அதைக் கேட்கவில்லை. தலைகள் ஆடியதைப் பார்த்தாள். அவள் கைகள் வேகம் பிடித்தன.

அடுத்து அவள் சொன்னதைப் பார்த்ததும் அகெச் பேச்சை நிறுத்தினாள்.

அமோலோ கைகளை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

அகெச் கூட்டத்தில் கணவனைத் தேடினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன வரப்போகிறதென்று அவனுக்குத் தெரியாது. ஆனால் மனைவியின் முகம் தெரியும். லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

இதை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான்.

"என் அண்ணன் ஒண்டிதி இப்ப பேசினான்," என்றாள் அகெச். "நல்லாப் பேசினான். ஆனா ஒண்ணு சொல்லலை. சந்தைக்கு எதிர்ல அவன் நிலம் எடுத்து வெச்சிருக்கான். என் அண்ணி அங்க சாப்பாட்டுக் கடை போடப்போறா. அது தப்புன்னு நான் சொல்ல வரலை. யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனா இங்க நின்னு பேசறவங்க, தனக்கு இதுல என்ன கிடைக்கும்னு சொல்லிட்டுப் பேசணும். எனக்குக் கரை கிடைக்கும். நான் சொல்லிட்டேன்."

பந்தல் முழுவதும் ஒரு சலசலப்பு ஓடியது. ஒண்டிதி தரையைப் பார்த்தான்.

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "இப்ப பேசினது நாத்தனாரா, அண்ணியா?"

"நாத்தனார்," என்றாள் அகெச். "நான் இன்னும் பேச ஆரம்பிக்கலை."

டோர்க்கஸ்தான் முதலில் கை தட்டினாள். அது பரவியது. அகெச் அதையும் அமோலோவுக்குக் காட்டினாள், யாருக்கு என்று சொல்லாமல். அமோலோ விரலை அகெச்சின் பக்கம் நீட்டினாள்: உனக்குத்தான்.

ஆனால் கூட்டம் அதோடு முடியவில்லை. கைதட்டிய கூட்டம் அப்படியே தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற கூட்டமுமில்லை.

படகு முதலாளி ஒபிங்கோ கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். "பொண்ணே, நீ சொன்னது நியாயம். ஆனா ஏரி ஏறினதே, அதை மறந்துட்டியா? பழைய கரை இப்ப தண்ணிக்கு அடியில இருக்கு. கரையில கட்டடம் கட்டினா மீனுங்கதான் அதுல வியாபாரம் பண்ணும்."

பந்தல் சிரித்தது. அகெச் அதைக் காட்டி முடித்தபோது அமோலோவின் முகம் சுருங்கியது. பிறகு கைகளை விரித்தாள்.

"இதை நான் யோசிக்கலை," என்றாள் அகெச்சின் வாயால். "பெரியவர் சொல்றது சரி. அப்ப என்ன பண்ணலாம்? சொல்லுங்க."

சண்டைக்குத் தயாராக வந்தவர்களை அந்தக் கேள்வி அடக்கிப்போட்டது. கேட்டவள் அமோலோ என்பதால், போன தடவை அவளைப் பார்த்துச் சிரித்தவர்களும் யோசிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு தடவைகூட வாய் திறந்து பார்த்திராத வலை பின்னுகிற பெண் ஒருத்தி, பஞ்சு மில் பாழடைந்து கிடக்கிற சரிவைச் சொன்னாள். ஏரி ஏறிய வருஷத்திலும் தண்ணீர் அங்கே எட்டவில்லை. அங்கிருந்து ஏரியும் தெரியும்.

"அந்த நிலம் கவுண்டிக்குச் சொந்தம்தான்," என்றாள் மில்ட்ரெட், எழுதிக்கொண்டே. அவள் குரலிலும் ஒரு சூடு ஏறியிருந்தது.

"லாரி எப்படி வரும்?" என்றான் ஒண்டிதி. குரலில் பழைய வேகமில்லை.

"பாதை போடச் சொல்லுவோம்," என்றார் ஒபிங்கோ. "சந்தையே கட்டறவங்க சரிவுக்கு ஒரு பாதை போட மாட்டாங்களா? குளிர் அறையும் அங்கேயே வரட்டும். கரை மணல் காய வெக்கறதுக்கு அப்படியே இருக்கட்டும்."

கை தூக்கச் சொல்வதற்கு முன் மில்ட்ரெட் அகெச்சின் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு நேரம் இன்னொருத்தருக்காகப் பேசினீங்க. உங்களுக்குன்னு ஏதாவது சொல்லணுமா?"

அகெச் அமோலோவைப் பார்த்து நின்றுகொண்டு, வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் சொன்னாள்.

"நான் அகெச். அமோலோ சொன்ன மாதிரி எனக்கு ரோட்டோரத்துல சாப்பாட்டுக் கடை போடணும். பல வருஷ ஆசை. அதனால நான் ரோட்டுக்குத்தான் கை தூக்குவேன். அவ பேச்சை ஒழுங்காச் சொன்னதால நான் அவ பக்கம்னு யாரும் நினைச்சுக்காதீங்க."

அமோலோ அதைப் பார்த்து முடித்தாள். பிறகு பெரிதாகத் தலையை அசைத்தாள், சந்தையில் எதிர்க்கடைக்காரியின் நல்ல சரக்கை ஒத்துக்கொள்கிறவளைப் போல.

நெடுஞ்சாலைக்கு எழுந்த கைகளில் அகெச்சின் கை உயரமாக இருந்தது. ஆனால் கைகள் குறைவு. பஞ்சு மில் சரிவுக்குக் கை கேட்டபோது, புல்லில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்று தூக்கினார்கள். எண்ணவே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மில்ட்ரெட் எண்ணினாள், எல்லோரும் பார்க்கும்படியாக.

"இது இன்னும் முடிவில்லை," என்று எச்சரித்தாள். "கவுண்டி சபையில இதை எடுத்துச் சொல்லணும். ரோட்டோர நிலத்துக்காரங்க சும்மா இருக்க மாட்டாங்க. உங்க சார்பா மூணு பேர் போகணும்."

ஒபிங்கோ என்றார்கள். டோர்க்கஸ் என்றார்கள். மூன்றாவது பெயரை யார் முதலில் சொன்னதென்று தெரியவில்லை. பந்தலின் பல பக்கங்களிலிருந்து ஒரே சமயத்தில் வந்தது. குரல் கொடுத்தவர்கள் அது போதாது என்று நினைத்தோ என்னவோ, கைகளையும் அவள் பக்கம் நீட்டினார்கள். அதனால் அமோலோவுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

கூட்டம் முடிந்தபோது ஒண்டிதியின் வண்டி மைதானத்தில் இல்லை.

அகெச் தனியாக வீட்டுக்கு நடந்தாள். அமோலோவைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு கரைக்கு இழுத்துப் போய்விட்டார்கள். போகிற வழியெல்லாம் ஜனங்கள் அகெச்சை நிறுத்திக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "உன்னை மாதிரி ஒருத்தி வேணும்" என்றார்கள். அவளுக்கு அழுகை வந்தது. மேசைகளை ஒவ்வொன்றாக மனசிலிருந்து எடுத்து வெளியே வைத்துக்கொண்டு நடந்தாள்.

வளவில் ஒண்டிதி வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"என் வாயாலேயே என் கடை போச்சு," என்றாள் அகெச். அவன் திட்டுவதற்கு முன் தானே சொல்லிவிடலாம் என்று.

"கை நம்ம பக்கம்தானே தூக்கினே. பார்த்தேன்." பின்பலகையை விரலால் தட்டினான். "கடையை விடு. ஊருக்கு நடுவுல என்னை நிக்க வெச்சிட்டா. கூடப் பிறந்தவ. வீட்ல வந்து என்கிட்ட கேட்டிருக்கலாம் இல்லை?"

"கேட்டிருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்குமா?"

"என்ன சொல்றே?"

"சாப்பிடு, வா, போ. அவ்வளவுதானே உங்களுக்குத் தெரியும்? மத்தது எல்லாம் நான்தானே சொல்றேன். நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கிட்டீங்க?"

ஒண்டிதியிடம் யாரும் இதைக் கேட்டதில்லை.

அப்போது வேலித் திறப்பில் அமோலோ வந்தாள். மஞ்சள் துணி கலைந்திருந்தது. கையில் அகலமான இலையில் சுற்றிய பொரித்த மீன். அண்ணனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

அகெச் வழக்கம்போல இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நீ தள்ளு," என்றான் ஒண்டிதி. "இன்னிக்கு நீ சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கறேன்."

அவன் வண்டியிலிருந்து இறங்கித் தங்கைக்கு எதிரே போய் நின்றான். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய தடித்த கைகள் எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல் காற்றில் தவித்தன. தன் மார்பைத் தொட்டான். அவளைக் காட்டினான். பிறகு கையை நீட்டி, வேலிக்கு வெளியே, தூரத்துக்கு வீசினான். போ.

அமோலோ ஒரு அடி பின்வாங்கினாள். திரும்பிவந்த பெண்ணுக்கு அண்ணன் வளவில் இடம் என்பது அண்ணன் வாய்ச்சொல்லில் நிற்கிற இடம். அது அந்த மூவருக்குமே தெரியும்.

ஒண்டிதி அதே வீச்சை மறுபடி வீசினான், இன்னும் வேகமாக. இடையில் வண்டியைக் காட்டினானா, வேலியைக் காட்டினானா? கவுண்டி சபைக்கு நானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறானா? மூட்டையைக் கட்டு, என் வளவை விட்டுப் போ என்கிறானா? இரண்டுக்கும் அந்தக் கை ஒன்றுதான்.

அமோலோ அண்ணியிடம் திரும்பினாள். இலைப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விரல்களால் கேட்டாள்.

'அண்ணன் என்ன சொல்றான்?'

காலையிலிருந்து ஊர் முழுவதுக்கும் பேச்சைக் கொண்டு சேர்த்த அகெச்சுக்கு, முதல் தடவையாக ஒன்றும் புரியவில்லை. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அதிலும் பிடிபடவில்லை.

"அவினோ அப்பா," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா."